எட்டாவது இடம்

ஜப்பானியர்களிடம் ‘நியூஷோ’ என்று ஒரு சொல் உண்டு. பரிசுக்குரியவர்களின் வரிசைக்குள் நுழைவது என்று பொருள். ஒலிம்பிக் போன்ற பெரிய போட்டிகளில் முதல் எட்டு இடங்களுக்குள் வந்துவிட்டால் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். பதக்கம் மூன்று பேருக்குத்தான். ஆனாலும் எட்டாவதாக வந்தவரும் கணக்கில் இருக்கிறார். நம் பேச்சில் அப்படி ஒரு சொல் இல்லை. தங்கம், வெள்ளி, வெண்கலம். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் பதக்கத்தைத் தவறவிட்டவர்கள்.

அந்தச் சொல் எனக்கு அறிமுகமானது நொஸோமி தனாக்கா என்ற ஓட்டக்காரரால். 2021 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, தோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 1,500 மீட்டர் இறுதி ஓட்டம். கென்யாவின் ஃபெய்த் கிப்யெகோன் 3 நிமிடம் 53.11 விநாடியில் ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றார். பிரிட்டனின் லாரா மியூருக்கு வெள்ளி, நெதர்லாந்தின் சிஃபான் ஹசனுக்கு வெண்கலம். எட்டாவதாக வந்தவர் தனாக்கா. வயது 21. உயரம் 153 சென்டிமீட்டர். நெடிய கால்கள் கொண்ட வீராங்கனைகளுக்கு நடுவே பள்ளிப் பிள்ளைபோலத் தெரிந்தார்.

அப்போது சிங்கப்பூரில் கொவிட்-19 கட்டுப்பாடுகள் மீண்டும் கடுமையாகியிருந்தன. உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. என் அலுவலகம் சாப்பாட்டு மேசையில் நடந்தது. வீட்டோடு அடைந்து கிடந்த எங்களுக்கு ஒலிம்பிக்தான் வெளியுலகம். அந்த ஓட்டத்துக்கு மறுநாள் ஜப்பானியச் செய்திக் காணொளி ஒன்று கண்ணில் பட்டது. உயர்நிலை ஒன்றில் படித்துக்கொண்டிருந்த என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “எட்டாவதா வந்ததுக்கா இவ்வளவு பேசுறாங்க?” என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதற்கான பதிலைத் தேடப் போய்த்தான் தனாக்காவைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவரை சொல்கிறேன். விளையாட்டில் ஆர்வம் இல்லாத பெற்றோருக்கும் இதில் யோசிக்க விஷயம் இருக்கிறது.

முதலில், அந்த எட்டாவது இடம் ஏன் பெரிதாகப் பேசப்பட்டது?

ஜப்பானியப் பெண்களின் திடல்தட வரலாற்றில் முதல் ஒலிம்பிக் பதக்கம் நடுத்தூர ஓட்டத்தில்தான் கிடைத்தது. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் கினுவே ஹித்தோமி 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அவர் குறுந்தூர ஓட்டத்திலும் நீளம் தாண்டுவதிலும் பேர்பெற்றவர். 100 மீட்டரில் இறுதிச் சுற்றுக்குப் போக முடியாத ஏமாற்றத்தில், பழக்கமே இல்லாத 800 மீட்டரில் இறங்கிப் பதக்கத்தோடு திரும்பினார். ஆனால் அந்த ஓட்டத்தின் முடிவில் பெண்கள் சோர்ந்து விழுந்தார்கள் என்ற செய்தி பரவியது. இவ்வளவு தூரம் ஓடுவது பெண் உடலுக்கு ஆகாது என்று சொல்லி 800 மீட்டரை ஒலிம்பிக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960இல். பெண்களுக்கான 1,500 மீட்டர் சேர்க்கப்பட்டதோ 1972இல்தான்.

கினுவே ஹித்தோமி 24 வயதிலேயே நோயால் இறந்துபோனார். அவர் காட்டிய வழியில் பலர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெண்களுக்கான 1,500 மீட்டர் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டு ஏறக்குறைய 50 ஆண்டுகள் கழித்து, 2021இல்தான் முதன்முறையாக ஜப்பானியப் பெண்கள் அதில் ஓடினார்கள். தனாக்கா ஒருவர், ரான் உராபே இன்னொருவர்.

ஜப்பானியர்களுக்கு ஓட வராது என்பதல்ல காரணம். நெட்டோட்டத்தில் ஜப்பானியப் பெண்கள் 2000ஆம் ஆண்டு சிட்னியிலும் 2004ஆம் ஆண்டு ஏதென்சிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள். காரணம் வேறு. அங்கே ஓட்டம் என்றாலே எகிடென். ஒருவர் ஓடி முடித்ததும் தோளில் குறுக்காக அணிந்த ‘தஸுகி’ என்ற துணிப்பட்டையைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் அதை அணிந்துகொண்டு ஓடுவார். 1917இல் கியோத்தோவிலிருந்து தோக்கியோவரை முதன்முதலில் நடந்த இந்தத் தொடரோட்டம் இன்று பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் மானப் பிரச்சினை. உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கான தேசிய எகிடென் கியோத்தோவில் நடக்கிறது. ஐந்து மாணவிகள் சேர்ந்து அரை நெட்டோட்டத் தூரத்தை ஓட வேண்டும். ஒருவர் பங்குக்குக் குறைந்தது 3 கிலோமீட்டர்.

இங்கேதான் சிக்கல். 1,500 மீட்டருக்கு அந்த எகிடெனில் இடமே இல்லை. நன்றாக ஓடும் பெண் பிள்ளை பள்ளியில் 3 கிலோமீட்டருக்கும் 5 கிலோமீட்டருக்கும் பழக்கப்படுத்தப்படுகிறாள். பிறகு நிறுவன அணி அவளை வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. மாதச் சம்பளம், தங்குமிடம், பயிற்றுவிப்பாளர், சக ஓட்டக்காரர்கள் எல்லாம் அங்கே உண்டு. அதற்கு ஈடாக அவள் எகிடெனில் ஓட வேண்டும், பிறகு 10,000 மீட்டர், அதற்கப்புறம் நெட்டோட்டம். நல்ல பாதைதான். பலரை வாழவைத்த பாதை. ஆனால் நடுவில் உள்ள ஒரு தூரம் ஆளில்லாமல் கிடந்தது.

தனாக்காவின் சொந்த ஊர் ஹியோகோ மாநிலத்தில் உள்ள ஓனோ. ‘சொரொபான்’ எனப்படும் ஜப்பானிய மணிச்சட்டங்கள் செய்வதில் பெயர்பெற்ற சிறிய நகரம். நம் பிள்ளைகளை அபாகஸ் வகுப்புக்கு அனுப்பிய பெற்றோருக்கு இந்தத் தகவல் பிடிக்கும். அதே ஓனோவிலிருந்து அவருக்கு முன்னே ஒரு பெண் வந்தார். யூரிக்கோ கோபாயாஷி. 2006இல், 17 வயதுப் பள்ளி மாணவியாக, 1,500 மீட்டரை 4 நிமிடம் 7.86 விநாடியில் ஓடி ஜப்பானியச் சாதனை படைத்தார். ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர் ஓடியது 5,000 மீட்டர். நாட்டின் அதிவேக 1,500 மீட்டர் ஓட்டக்காரருக்கே ஒலிம்பிக்கின் வாசல் நீண்ட தூரத்தில்தான் திறந்தது. அவருடைய 1,500 மீட்டர் சாதனையை 14 ஆண்டுகள் யாரும் தொடவில்லை.

தனாக்காவின் வீடே ஓட்டக்காரர்களின் வீடு. அப்பா கென்ஜி முன்னாள் ஓட்டக்காரர். அம்மா சிஹிரோ ஹொக்கைடோ நெட்டோட்டத்தை இருமுறை வென்றவர். முதல் வெற்றி 1997இல், நொஸோமி பிறப்பதற்கு முன். இரண்டாவது 2003இல், மகளுக்கு நான்கு வயது நிறைவதற்குச் சில நாள்களுக்கு முன். இந்த இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஒரு நிமிடம் நின்றேன். பிள்ளை பெற்ற பிறகு மீண்டும் அந்த உடல்நிலைக்கு வருவது எவ்வளவு பாடு என்பது நமக்குத் தெரியும். அந்த அம்மா மீண்டும் வந்தது மட்டுமல்ல, 42 கிலோமீட்டர் ஓடி முதலாவதாகவும் வந்திருக்கிறார். முயற்சி செய் என்று அந்த வீட்டில் யாரும் பிள்ளைக்கு வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

நொஸோமி நிறையப் படிப்பவர், குறிப்பாகச் சிறுவர் இலக்கியம். ஓட்டத்தைப் பற்றி அவரே எழுதவும் செய்கிறார். ஓனோவுக்குப் பக்கத்து ஊரான நிஷிவாக்கியில் உள்ள தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் படித்தார். ஆண்கள் எகிடெனில் தேசிய அளவில் பலமுறை வென்ற பள்ளி அது. அதாவது, எகிடென் பாதை அவர் வீட்டு வாசலிலேயே தொடங்கியது.

2018இல் அவர் கியோத்தோவின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தவர், அந்தப் பல்கலைக்கழகத்தின் ஓட்ட அணியில் சேரவில்லை. நம் ஊரில் ஒரு மாணவி பள்ளி அணியில் சேராமல் தனியாகப் பயிற்சி செய்தால் எப்படிப் பார்ப்போம்? அதைவிடப் பெரிய விஷயம் அங்கே. அணி என்பது அங்கே ஓடுவதற்கு மட்டுமல்ல. நட்பு, பிறகு வேலை எல்லாம் அதன் வழியாகத்தான். அவர் ஒரு சிறிய குழுவின் பெயரில், வெளியே இருந்து ஓடினார். பிறகு டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் ஆதரவு கிடைத்தது. பயிற்றுவிப்பாளர் வேறு யாருமல்ல, அப்பாதான்.

அந்த ஆண்டே ஃபின்லாந்தின் தம்பெரெ நகரில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலக வெற்றியாளர் போட்டியில் 3,000 மீட்டரை 8 நிமிடம் 54.01 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். 18 வயது. நீண்ட தூரத்தில் எத்தியோப்பியர்களையும் கென்யர்களையும் முந்துவது எளிதல்ல என்பது எல்லாருக்கும் தெரியும். மறு ஆண்டு தோஹாவில் பெரியவர்களுக்கான உலகப் போட்டி. 5,000 மீட்டர் இறுதி ஓட்டத்தில் 14ஆவது இடம். நேரம் 15 நிமிடம் 0.01 விநாடி. 15 நிமிடம் என்பது அந்தத் தூரத்தில் ஒரு பெரிய எல்லை. அதை விநாடியின் நூறில் ஒரு பங்கில் தொடாமல் விட்டார்.

பிறகு 2020. ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனது. போட்டிகள் நின்றன. பலருக்கு அது வீணான ஆண்டு. தனாக்காவுக்கு அப்படியில்லை. ஜூலையில் ஹொக்கைடோவில் 3,000 மீட்டரை 8 நிமிடம் 41.35 விநாடியில் ஓடி, 18 ஆண்டுகளாக நின்ற தேசியச் சாதனையை முறியடித்தார். ஆகஸ்டில் தோக்கியோவின் புதிய தேசிய விளையாட்டரங்கில், பார்வையாளர் யாரும் இல்லாத இருக்கைகளுக்கு முன்னால், 1,500 மீட்டரை 4 நிமிடம் 5.27 விநாடியில் ஓடி முடித்தார். ஓனோ பெண்ணின் சாதனை ஓனோ பெண்ணிடமே வந்து சேர்ந்தது.

2021 ஜூனில் ஒசாக்காவில் தேசிய வெற்றியாளர் போட்டி. தனாக்கா 1,500 மீட்டரில் வென்றார். கடைசி நாளில் 800 மீட்டர் இறுதி ஓட்டத்தில் மூன்றாவது வந்துவிட்டு, மூச்சு ஆறியதும் 5,000 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கும் போய் அதிலும் மூன்றாவது வந்தார். நாட்டின் தலைசிறந்தவர்களோடு, ஒரே நாளில். ஆளில்லாத தூரம் அல்லவா! அதற்கென்று தயாராகக் கிடைக்கும் பயிற்சி முறை எதுவும் இல்லை. 800 மீட்டரிலிருந்து வேகத்தையும் 5,000 மீட்டரிலிருந்து தாங்கும் சக்தியையும் எடுத்து, போட்டிகளையே பயிற்சியாக்கி, அப்பாவும் மகளும் தாங்களாகவே ஒரு முறையை உருவாக்கினார்கள்.

எல்லாம் இணக்கமாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். திடலில் இருவருக்கும் இடையே அடிக்கடி உரசல் இருந்ததை ஜப்பானிய ஊடகங்கள் எழுதியிருக்கின்றன. அவர்களும் அதை மறைக்கவில்லை. கற்பனை செய்து பாருங்கள். காலையில் திடலில் கண்டிக்கும் பயிற்றுவிப்பாளர், இரவில் அதே மேசையில் சோறு சாப்பிடும் அப்பா. கணக்குப் பாடம் ஒன்றைச் சொல்லிக்கொடுப்பதற்குள்ளேயே நம் வீடுகளில் குரல் உயர்ந்துவிடுகிறது. இவர்களோ ஆண்டுக்கணக்கில், நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைச் செய்தார்கள்.

ஒலிம்பிக் வந்தது. முதலில் 5,000 மீட்டர் தகுதிச்சுற்று, ஜூலை 30. நேரம் 14 நிமிடம் 59.93 விநாடி. தோஹாவில் நழுவிய எல்லையை இங்கே கடந்துவிட்டார். ஆனாலும் இறுதிச் சுற்றுக்குப் போகும் வாய்ப்பு நூலிழையில் தவறியது. வாழ்நாளின் சிறந்த ஓட்டம் ஓடியும் வெளியேற வேண்டிய நிலை.

மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 2. 1,500 மீட்டர் தகுதிச்சுற்று. 1928இல் கினுவே ஹித்தோமி வெள்ளி வென்றதும் ஓர் ஆகஸ்ட் 2ஆம் தேதிதான். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் இறந்ததும் அதே தேதியில். தனாக்கா அன்று 4 நிமிடம் 2.33 விநாடியில் ஓடிப் புதிய தேசியச் சாதனை படைத்தார். ஆகஸ்ட் 4, அரையிறுதி. முதல் ஐவருக்கு நேரடி இடம். ஐந்தாவதாக வந்தார். நேரம் 3 நிமிடம் 59.19 விநாடி. 1,500 மீட்டரை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் ஜப்பானியப் பெண். சராசரியாக 400 மீட்டருக்கு 64 விநாடிக்கும் குறைவு.

அந்த எண்ணை இப்படிப் பாருங்கள். ஒலிம்பிக் தொடங்குவதற்கு முன் அவருடைய சிறந்த நேரம் 4 நிமிடம் 4.08 விநாடி. அந்த ஜூலை மாதத்து நொஸோமியும் அரையிறுதி நொஸோமியும் ஒன்றாக ஓடியிருந்தால், முன்னவர் ஏறக்குறைய 30 மீட்டர் பின்னால் வந்துகொண்டிருப்பார். இரண்டரைப் பேருந்து நீளம். மூன்று வாரம்கூட ஆகவில்லை. இறுதி ஓட்டத்திலும் நான்கு நிமிடத்துக்குள், 3 நிமிடம் 59.95 விநாடியில் ஓடி எட்டாவதாக வந்தார். நியூஷோ.

இதுதான் என் மகளின் கேள்விக்கான பதில். முதல் ஏழு பேர் பின்னால் அவர் வந்தார் என்பது ஒரு கணக்கு. அவருடைய நாட்டிலிருந்து அந்தக் கோட்டில் அதுவரை யாருமே நின்றதில்லை என்பது இன்னொரு கணக்கு. ஜப்பான் இரண்டாவது கணக்கைப் போட்டது.

இந்தக் கதையைத் திறமைக்குக் கிடைத்த வெற்றி என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். எகிடெனில் ஓடிய அவர் வயதுப் பெண்கள் பலருக்கும் திறமை இருந்தது. தனாக்காவுக்குக் கிடைத்த கூடுதல் விஷயம், வழக்கமான பாதை தரும் பாதுகாப்பை விட்டுவிட்டு வரும்போது அதன் செலவைப் பகிர்ந்துகொள்ள ஒரு வீடு இருந்தது. செலவு என்று நான் சொல்வது பணத்தை மட்டும் அல்ல. அணித் தோழிகள் இல்லாத தனிமை, ஒப்பிட்டுப் பார்க்க முன்மாதிரி இல்லாத குழப்பம், தோற்றால் ‘அப்போதே சொன்னோமே’ என்று ஊர் சொல்லும் பேச்சு, அப்பாவுக்கும் மகளுக்கும் நடக்கும் சண்டை. இவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் செலவு.

நம் வீடுகளிலும் எகிடென் உண்டு. தொடக்கநிலை ஆறில் ஒரு தேர்வு, உயர்நிலை நான்கில் ஒரு தேர்வு, பிறகு தொடக்கக் கல்லூரி அல்லது பலதுறைத் தொழிற்கல்லூரி, அதற்குப் பிறகு பட்டம், வேலை, வீடு. ஒவ்வொரு கட்டத்திலும் நாம் ஓடியதை அடுத்த தலைமுறையின் தோளில் மாட்டிவிடுகிறோம். அதைக் குறை சொல்ல மாட்டேன். என் பெற்றோர் எனக்கு மாட்டிவிட்ட பட்டைதான் என்னை இங்கே கொண்டுவந்தது. எல்லாப் பிள்ளைகளும் அதைக் கழற்றி எறிய வேண்டும் என்றும் சொல்லவில்லை. தனாக்காவே பல்கலைக்கழகப் படிப்பை விடவில்லை, 5,000 மீட்டரையும் விடவில்லை. தெரிந்த பாதையில் ஒரு கால், தெரியாத பாதையில் ஒரு கால் என்றுதான் தொடங்கினார்.

ஆனால் ஏதாவது ஒரு பிள்ளை, “எனக்கு அந்த நடுவுல இருக்கிற தூரம்தான் பிடிச்சிருக்கு” என்று சொல்லும்போது, நாம் முதலில் கேட்பது என்ன? “அதில் ஜெயிக்க முடியுமா?” என்றுதான். ஓனோவில் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் 2018இல் கிடைத்திருக்கக்கூடிய நேர்மையான பதில் “முடியாது” என்பதாகவே இருந்திருக்கும். எந்த ஜப்பானியப் பெண்ணும் அதுவரை ஒலிம்பிக்கில் ஓடாத தூரத்தில் பதக்கத்துக்கு யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்? பதக்கம் வரவும் இல்லை. வந்தது எட்டாவது இடம். அது போதும் என்று நினைக்கத் தெரிந்த வீட்டில்தான் அது நடந்தது.

தோக்கியோவோடு அவர் நின்றுவிடவில்லை. 2022இல் அமெரிக்காவின் யூஜீன் நகரில் நடந்த உலகப் போட்டியில் 800, 1,500, 5,000 மீட்டர் மூன்றிலும் ஓடினார். மூன்றிலும் பதக்கம் இல்லை. 2023 ஏப்ரலில் தொழில்முறை ஓட்டக்காரரானார். அதே ஆண்டு ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியின் 5,000 மீட்டர் இறுதி ஓட்டத்தில் எட்டாவதாக வந்தார். செப்டம்பரில் பிரசல்சில் அதே தூரத்தை 14 நிமிடம் 29.18 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தார். தோஹாவில் 15 நிமிடத்தைத் தொட முடியாமல் நின்றவர், நான்கே ஆண்டுகளில் அதைவிட அரை நிமிடம் குறைவாக ஓடிவிட்டார்.

அவர் பெயரை எழுதும் இரண்டு எழுத்துகளில் முதலாவதற்கு நம்பிக்கை என்றும் இரண்டாவதற்குக் கனி என்றும் பொருள் உண்டு. பெயர் வைக்கும்போது எல்லாப் பெற்றோரும் நல்ல பொருள் பார்த்துத்தான் வைக்கிறோம். நம்பிக்கை என்று பெயர் வைத்துவிட்டு, கனி எப்போது வரும் என்று தினமும் கேட்காமல் இருப்பதுதான் கடினம்.